அரைப் புள்ளிக்கு யோசி!

2017 மே 23. சீனாவின் ஊஜென் நகரம். பலகையின் ஒரு பக்கம் கே ஜீ. வயசு 19. அதாவது, நம்ம கிளாஸ்ல பக்கத்து பெஞ்ச்சில் உட்கார வேண்டிய வயசு. ஆனா, அன்றைக்கு 'கோ' ஆட்டத்தில் உலகத்தின் நம்பர் ஒன் அவர்தான். எதிர்ப்பக்கம் ஆல்ஃபாகோ. கூகுளின் டீப்மைண்ட் உருவாக்கிய மென்பொருள். அது சொல்லச் சொல்ல காய் வைப்பதற்கு மட்டும் ஒரு மனிதர்.

பல மணி நேரம் ஓடிய ஆட்டம். கடைசியில் உட்கார்ந்து எண்ணினாங்க. வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? அரைப் புள்ளி! இந்த ஆட்டத்தில் இதைவிடக் குறைவாகத் தோற்கவே முடியாது.

'அடடா, நூலிழையில் கோட்டை விட்டுட்டாரே!'ன்னுதானே உச்சுக்கொட்டறீங்க? கொஞ்சம் பொறுங்க. அந்த அரைப் புள்ளிக்குள்ளே ஒரு பெரிய கதை ஒளிஞ்சிருக்கு. அதைப் பிரிச்சுப் பார்க்கணும்னா, முதலில் கூட்டல், கழித்தல், வகுத்தல் மூணும் தெரிஞ்சிருக்கணும். கவலைப்படாதீங்க, எம்-3 பேப்பர் லெவலுக்கெல்லாம் போகலை!

கோ-ன்னா என்ன பாஸ்?

ஜீவா நடிச்சு 2011-ல் வந்த படம் இல்லைங்க. சீனாவில் பிறந்து 2,500 வருஷத்துக்கு மேலாக ஆடப்படும் பலகை ஆட்டம். சீனர்கள் 'வெய்ச்சி' என்பார்கள். கொரியாவில் 'பாதுக்'. ஜப்பானியர்கள் வைத்த 'கோ' என்ற பெயரே உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

குறுக்கே 19 கோடு, நெடுக்கே 19 கோடு. கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்கள் மொத்தம் 361. ஒருத்தருக்குக் கறுப்புக் காய், இன்னொருத்தருக்கு வெள்ளை. மாற்றி மாற்றி ஒவ்வொரு காயாக, கட்டத்துக்குள் அல்ல, கோடுகள் சந்திக்கும் புள்ளிகளில் வைக்கணும். வைத்த காய் நகராது. எதிரியின் காயை எல்லாப் பக்கமும் சுற்றி வளைத்தால் வெட்டி எடுத்துவிடலாம். கடைசியில் யார் அதிக இடத்தை வேலி போட்டு வளைத்திருக்கிறாரோ அவரே ஜெயிச்சவர். அவ்வளவுதான் ரூல்!

ஆனா, இதன் ரசிகர் பட்டாளம் சாதாரணமில்லை. வீடியோ கேம் கம்பெனி 'அட்டாரி'யின் பெயரே இந்த ஆட்டத்திலிருந்து சுட்டதுதான். 'உன் காயை அடுத்து வெட்டப் போறேன்' என்ற நிலைமைக்கு அட்டாரி என்று பெயர். செஸ்ஸில் 'செக்' மாதிரி. 'டெத் நோட்' காமிக்ஸுக்குப் படம் வரைந்த டகேஷி ஒபாடா, அதற்கு முன்னால் வரைந்த 'ஹிகாரு நோ கோ' முழுக்க முழுக்க இந்த ஆட்டத்தைப் பற்றிய கதை. அனிமே பார்க்கிற ஹாஸ்டல் ரூம்களில் விசாரிச்சுப் பாருங்க, ஒருத்தராவது ஆமாம்பார்!

கடைசிக் கட்டம்... யோசே!

ஒரு கோ ஆட்டத்துக்கு மூணு கட்டம் உண்டு. ஆரம்பத்தில் காலி மனைகளைப் பிடிப்பார்கள். நடுவில் அடிதடி. அடிதடி ஓய்ந்த பிறகு, 'இது உன் வீடு, இது என் வீடு' என்பது ஏறக்குறைய முடிவாகியிருக்கும். ஆனா, காம்பவுண்ட் சுவர் மட்டும் இன்னும் எழும்பியிருக்காது. அந்தச் சுவரை ஓர் அடி தள்ளிக் கட்டுவதா, ஓர் அடி விட்டுக்கொடுப்பதா என்ற சண்டையே கடைசிக் கட்டம். ஜப்பானியப் பெயர், 'யோசே'.

நம்ம காதுக்கு 'யோசி'ன்னு கேட்குது இல்லையா? பொருத்தமான பெயர்தான். ஏன்னா, இங்கே வீரம் வேலைக்கு ஆகாது. பலகையில் பத்துப் பதினைந்து இடங்களில் சுவர் அரைகுறையாக நிற்கும். ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் கை வைக்க முடியும். எந்த இடத்தில் முதலில்?

நாம எல்லாருமே இதை வேற ரூபத்தில் சந்திச்சிருக்கோம். பரீட்சையில் கடைசி அரை மணி நேரம். 16 மார்க் கேள்வி ஒண்ணு பாக்கி. எழுத 25 நிமிஷம் ஆகும். இரண்டு மார்க் கேள்விகள் பத்து பாக்கி. ஒவ்வொண்ணுக்கும் 2 நிமிஷம் போதும். கை முதலில் 16 மார்க் பக்கம்தான் ஓடும். ஆனா, நிமிஷக் கணக்குப் பார்த்தால்? பெருசு நிமிஷத்துக்கு 0.64 மார்க் தருது. சிறுசு நிமிஷத்துக்கு 1 மார்க்! மொத்த விலையைப் பார்த்து ஏமாறாதே, கிலோ என்ன விலைன்னு கேளு... யோசேவின் முழு ரகசியமும் இந்த ஒரு வரியில் அடங்கிடும்.

காய்க்கு என்ன ரேட்?

ஒரு குட்டி உதாரணம். பலகையின் ஓர் ஓரத்தில் சுவர் பாக்கி நிற்குது. கறுப்பு முந்திக்கொண்டால் அங்கே கறுப்புக்கு 5 புள்ளி. வெள்ளை முந்திக்கொண்டால் கறுப்புக்கு மிஞ்சுவது 1 புள்ளி. வித்தியாசம் 4.

'சரி, இந்த இடத்தின் விலை 4'ன்னு எழுதிக்கலாமா? பழைய புத்தகங்கள் அப்படித்தான் எழுதின. ஜப்பானியர்கள் இதை 'தெய்ரி' கணக்கு என்பார்கள். ஆனா, நாம இன்ஜினீயரிங் பசங்களாச்சே, யூனிட் என்னன்னு கேட்போம் இல்லையா?

கறுப்பு ஒரு காய் வைத்தால் கிடைப்பதையும், வெள்ளை ஒரு காய் வைத்தால் கிடைப்பதையும் ஒப்பிடுகிறோம். இரண்டு நிலைமைகளுக்கும் நடுவே உள்ள தூரம் இரண்டு காய். ஆக, 4 புள்ளியை 2 காயால் வகுக்கணும். ஒரு காய்க்கு 2 புள்ளி. யாருமே இன்னும் கை வைக்காத இப்போதைய நிலையில், அந்த இடத்தின் மதிப்பு நடுவிலே... அதாவது 3. கறுப்பு ஆடினால் 3 என்பது 5 ஆகும். வெள்ளை ஆடினால் 3 என்பது 1 ஆகும். இரண்டு பக்கமும் சரியா 2 புள்ளி நகர்வு. இப்படி ஒரு காய்க்கு எவ்வளவு என்று பார்ப்பதற்கு 'மியாய்' கணக்கு என்று பெயர்.

எல்லா இடத்தையும் 2-ஆல் வகுத்தால் வரிசை மாறப்போவதில்லையே, அப்புறம் எதுக்கு இந்த வேலைன்னு தோணுதா? சபாஷ்! எல்லா இடத்துக்கும் வகுக்கும் எண் 2 இல்லை. அங்கேதான் ட்விஸ்ட்!

ட்விஸ்ட் 1: மூணு காய் கேட்கும் இடம்

சில இடங்களில் நான் உன் காயை வெட்ட, உடனே நீ என் காயைத் திருப்பி வெட்ட, மறுபடி நான்... என்று ஆட்டம் விடியவிடிய ஓடும் ஆபத்து உண்டு. இதற்கு ஜப்பானிய மொழியில் 'கோஓ' என்று பெயர், கொஞ்சம் இழுத்துச் சொல்லணும். முடிவில்லாமல் ஓடாமலிருக்க ஒரு ரூல் போட்டிருக்காங்க. வெட்டுப்பட்டவர் உடனே திருப்பி வெட்டக்கூடாது. வேறெங்காவது ஒரு காய் வைத்துவிட்டுத்தான் வரணும்.

இந்த இடத்தைக் கறுப்பு முழுசாக ஜெயிக்கணும்னா வெட்ட ஒரு காய், பிறகு ஓட்டையை அடைக்க ஒரு காய். ஆக 2. வெள்ளைக்கு அடைக்க ஒரே காய் போதும். கூட்டினால் தூரம் 3 காய். எனவே, கோஓ இடங்களில் வித்தியாசத்தை 3-ஆல் வகுக்கணும். ஆட்டத்தின் கடைக்கோடியில் வரும் ஒரு புள்ளிக் கோஓவின் ரேட், காய்க்கு மூன்றில் ஒரு பங்கு. அதற்கும் அடித்துக்கொள்வார்கள்!

ட்விஸ்ட் 2: பதில் சொல்லியே ஆகணும்

சில காய்கள் மிரட்டும். 'நீ இதுக்குப் பதில் வைக்கலைன்னா அடுத்து உன் பத்துக் காயை அள்ளிடுவேன்!' எதிரிக்கு வேறு வழியில்லை, பதில் வைத்தே தீரணும். வைத்ததும் முறை மறுபடி நமக்கே வரும். காசு செலவில்லாமல் ஷாப்பிங்! இதற்குப் பெயர் 'சென்டே'. முறை கைமாறிப் போகிற சாதாரண இடங்களுக்கு 'கோடே'. (அட்டாரியை ஆரம்பித்த நோலன் புஷ்நெல் பின்னாளில் நடத்திய இன்னொரு வீடியோ கேம் கம்பெனியின் பெயரும் சென்டே. மனுஷன் கோ பைத்தியம்!)

இப்போ, வெள்ளைக்கு ஒரு சென்டே இடம் இருக்கு. சாதாரணமாக வெள்ளை வந்து மிரட்டும், கறுப்பு பதில் வைக்கும், அதுதான் எழுதாத சட்டம். அதனால், அங்கே மதிப்புப் போடும்போதே 'வெள்ளை வந்துட்டுப் போயாச்சு' என்றே போட்டுக்கொள்வார்கள். ஆனா, வெள்ளை வருவதற்கு முன்னாடியே கறுப்பு அங்கே ஒரு காய் வைத்துக் கதவைச் சாத்திவிட்டால்? கிடைக்கும் லாபம் முழுக்க அந்த ஒரே காய்க்குச் சேரும். வகுக்கும் எண் 1. கோ வீரர்கள் இதை 'தலைகீழ் சென்டே' என்பார்கள்.

இப்போ ஒரு குட்டி டெஸ்ட்!

ஆடப்போவது நீங்கள். கறுப்புக் காய். மூணு இடம் பாக்கி இருக்கு.

முதல் இடம்: வித்தியாசம் 9 புள்ளி. ஆனா அது கோஓ.

இரண்டாம் இடம்: வித்தியாசம் 7 புள்ளி. சாதாரண கோடே.

மூன்றாம் இடம்: வித்தியாசம் 5 புள்ளி. வெள்ளையின் சென்டே. நீங்கள் முந்திக்கொண்டால் தலைகீழ் சென்டே.

எதை முதலில் ஆடுவீங்க? பேனாவை எடுங்க. 9-ஐ 3-ஆல் வகுத்தால் காய்க்கு 3. 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3.5. 5-ஐ 1-ஆல் வகுத்தால் 5. கண்ணுக்குச் சிறுசாகத் தெரிந்ததுதான் உண்மையில் பெருசு. பெருசாகத் தெரிந்தது கடைசி. வரிசை அப்படியே தலைகீழ்!

வரிசையை மாற்றினால் என்ன குடி முழுகிடும்னு கேட்கலாம். வித்தியாசம் 8, 6, 4 என்று மூணு சாதாரண இடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காய் ரேட் 4, 3, 2. நீங்கள் பெருசிலிருந்து ஆரம்பித்தால் உங்களுக்கு 4, எதிரிக்கு 3, மறுபடி உங்களுக்கு 2. நிகர லாபம் 3. கைபோன போக்கில் சின்னதில் ஆரம்பித்தால்? உங்களுக்கு 2, எதிரி 4-ஐத் தூக்கிவிடுவார், உங்களுக்கு 3. நிகரம் 1. இரண்டு புள்ளி காலி. அரைப் புள்ளியில் ஜெயிக்கிற ஆட்டத்தில் இரண்டு புள்ளி என்பது கடல்!

அந்த 'அரை' எங்கிருந்து வந்தது?

இடத்தை எண்ணினால் முழு எண்தானே வரணும், அரை எப்படி வந்தது? கோவில் முதலில் ஆடுபவர் எப்பவும் கறுப்பு. முதல் காய் வைப்பது பெரிய சலுகை. அதை ஈடுகட்ட வெள்ளைக்குச் சில புள்ளிகள் இலவசமாகத் தருவார்கள். பெயர் 'கோமி'. ஆட்டம் டிராவில் முடியக்கூடாது என்பதற்காக அதோடு ஓர் அரையையும் ஒட்டவைத்திருக்கிறார்கள். ஜப்பானில் 5.5 ஆக இருந்த கோமியை 2002-ல் 6.5 ஆக உயர்த்தினார்கள். கொரியாவிலும் 6.5. சீனாவில் 7.5.

இந்த எண்ணை வைத்தே ஒரு ஜாலியான கணக்குப் போடலாம். ஆட்டம் தொடங்கும்போது காய் ரேட் உச்சத்தில் இருக்கும். போகப்போக இறங்கும். 14, 13, 12... என்று 1 வரைக்கும் இறங்குவதாகக் கற்பனை பண்ணுங்க. கறுப்புக்கு 14, வெள்ளைக்கு 13. கறுப்புக்கு 12, வெள்ளைக்கு 11. ஒவ்வொரு ஜோடியிலும் கறுப்புக்கு 1 புள்ளி மிச்சம். மொத்தம் 7 ஜோடி. ஆக, முதலில் ஆடுவதன் லாபம் 7. கிட்டத்தட்ட இதே அளவுதான் கோமி! அப்படியானால், காலிப் பலகையில் வைக்கும் முதல் காயின் ரேட், கோமியைப் போல் இரண்டு மடங்கு, அதாவது ஏறக்குறைய 14 புள்ளி. 14-ல் ஆரம்பித்து மூன்றில் ஒன்று வரைக்கும் இறங்கி, கடைசியில் பூஜ்யம் ஆனதும் இரண்டு பேரும் 'பாஸ்' சொல்லி எழுந்துகொள்வார்கள்.

முட்டுச்சந்துக் கணக்கு

இன்ஜினீயரிங் மூளைக்கு விருந்து இந்த இடம். வெள்ளையின் வீட்டுக்குள் ஒரு முட்டுச்சந்து. அகலம் ஒரு புள்ளி. சந்தின் வாய் திறந்திருக்கு, வாசலில் கறுப்பு நிற்குது.

சந்தின் நீளம் 2 புள்ளி என்றால்? வெள்ளை வாயை அடைத்தால் உள்ளே 1 புள்ளி மிஞ்சும். கறுப்பு உள்ளே நுழைந்தால் எதுவும் மிஞ்சாது. வித்தியாசம் 1, காய்க்கு அரைப் புள்ளி. இப்போதைய மதிப்பு அரை.

நீளம் 3 என்றால்? வெள்ளை அடைத்தால் 2 புள்ளி. கறுப்பு நுழைந்தால் மிஞ்சுவது 2 நீளச் சந்து. அதன் மதிப்புதான் அரை என்று இப்போ பார்த்தோமே. வித்தியாசம் 1.5, காய்க்கு முக்கால்.

நீளம் 4 என்றால் காய்க்கு எட்டில் ஏழு. புரிஞ்சிருக்குமே... 1/2, 3/4, 7/8, 15/16... பிளஸ் ஒன்னில் படித்த அதே பெருக்குத் தொடரின் கூட்டுத்தொகை! 10 புள்ளி நீளச் சந்தின் ரேட் 511/512. எத்தனை நீளமானாலும் 1-ஐத் தொடவே தொடாது. இரண்டு சந்து இருந்தால் நீளமான சந்திலேயே முதலில் நுழையணும் என்பதும் இதிலிருந்தே கிடைச்சிடுது. வித்தியாசம் துக்கடாதான். ஆனா, துக்கடாக்களைக் கூட்டிக் கூட்டித்தான் கடைசியில் யாரோ ஒருத்தர் அந்த ஒரு புள்ளியைக் கைப்பற்றுகிறார்.

ஒரு இன்ஜினீயர் உள்ளே நுழைந்தார்!

இந்தக் கணக்கை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டவர் எல்வின் பெர்லிகேம்ப். ஈசிஇ மக்களே, பெயரைக் கேட்ட மாதிரி இருக்கா? இருக்கும்! கோடிங் தியரியில் வரும் பெர்லிகேம்ப்-மேஸி அல்காரிதத்தின் அதே பெர்லிகேம்ப். சிடியிலும் க்யூஆர் கோடிலும் பயன்படும் ரீட்-சாலமன் குறியீடு இருக்கே, அந்த வகைக் குறியீடுகளில் பிழை திருத்தும் பிரபலமான வழிகளில் அதுவும் ஒன்று. எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் படித்து 1964-ல் டாக்டர் பட்டம் வாங்கியவர். பிறகு பெர்க்லியில் பேராசிரியர்.

அவருக்கு முன்னாடி ஒரு கதை. கேம்பிரிட்ஜில் கணித மேதை ஜான் கான்வே, மாணவர்கள் கோ ஆடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் கட்டத்தில் பலகை பல குட்டி ஆட்டங்களாக உடைந்துவிடுவதைக் கவனித்தார். ஒவ்வொரு துண்டும் ஒரு தனி ஆட்டம். முழு ஆட்டம் என்பது அவற்றின் கூட்டுத்தொகை. அப்படியானால், ஆட்டங்களைக் கூட்டலாமா? ஓர் ஆட்டத்தை ஓர் எண்ணாக நினைக்கலாமா? அந்தக் கேள்வி அவரை 'சர்ரியல் எண்கள்' என்ற புத்தம்புது எண் உலகத்துக்கே கொண்டுபோய்விட்டது. 1976-ல் அதைப் புத்தகமாகவே எழுதினார். ஒரு டீ டைம் ஆட்டத்தை வேடிக்கை பார்த்ததில் இவ்வளவு!

கான்வே, பெர்லிகேம்ப், ரிச்சர்ட் கை மூவரும் சேர்ந்து 1982-ல் வெளியிட்ட 'வின்னிங் வேஸ்' இந்தத் துறையின் பைபிள். இவர்கள் மொழியில் காய் ரேட்டுக்குப் பெயர் என்ன தெரியுமா? 'வெப்பநிலை'! எங்கே ரேட் அதிகமோ அந்த இடம் சூடு. சூடான இடத்தில் முதலில் கை வை, ஆறிப்போனதைப் பிறகு பார். நம்ம வீட்டு இட்லிக்கும் அதே ரூல்தான்!

ஆனா, பெர்லிகேம்ப் அதோடு நிற்கவில்லை. பாக்கி இருக்கிற எல்லா இடமும் ஒரே ரேட், ஆளுக்கு ஒரு புள்ளி என்றால் எதை எடுப்பது? 'எதை எடுத்தா என்ன'ன்னு நாம சொல்வோம். கணக்குப் பாருங்க. அப்படி மூணு இடம் இருந்தால் முதலில் ஆடுபவருக்கு ஒரு புள்ளி லாபம். நாலு இடம் இருந்தால் லாபம் பூஜ்யம். ஆக, விஷயம் ரேட்டில் இல்லை, கடைசிக் காயை யார் வைக்கிறார் என்பதில் இருக்கு. சில இடங்கள் ஒரே காயில் முடியும். சில இடங்கள் இரண்டு, மூணு காய் இழுக்கும். எதை எப்போ தொட்டால் ஒற்றைப்படை இரட்டைப்படை நமக்குச் சாதகமாகத் திரும்பும்? இதற்கு டேவிட் வுல்ஃபோடு சேர்ந்து அவர் 1994-ல் எழுதிய புத்தகத்தின் பெயர் 'மேத்தமேடிகல் கோ'. தொழில்முறை வீரர்களையே தலையைச் சொறியவைக்கும் புதிர்கள் அதில் உண்டு.

இன்னொரு குறும்பும் செய்தார். பலகைக்குப் பக்கத்தில் ஒரு கூப்பன் கட்டு. மேலே பெரிய எண். கீழே போகப்போக அரை அரைப் புள்ளியாக இறங்கும். உங்கள் முறை வந்தால் பலகையில் காய் வைக்கலாம், அல்லது மேலே இருக்கும் கூப்பனை எடுத்துக்கொண்டு அந்தப் புள்ளியைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம். 1998-ல் ஜியாங் ஜுஜியூ, ருய் நைவெய் தம்பதி இப்படி ஆடிக் காட்டினார்கள். ருய் நைவெய் யார் தெரியுமா? 9 டான் என்ற உச்சத் தகுதியைத் தொட்ட முதல் பெண்.

இதில் என்ன விசேஷம்? ஒரு வீரர் 4 புள்ளிக் கூப்பனை எடுத்தால், 'பலகையில் இப்போ 4 புள்ளிக்கு மேல் தேறும் காய் எதுவும் இல்லை' என்று வாய் திறக்காமல் சொல்லிவிட்டார் என்று அர்த்தம். மனசுக்குள் இருந்த ரேட் கார்டு வெளியே வந்துவிட்டது!

30 விநாடியில் இதெல்லாம் சாத்தியமா?

பேப்பர், பேனா, கேன்டீன் காபி சகிதம் உட்கார்ந்து வகுப்பது வேறு. நிஜப் போட்டியில் யோசே வரும்போது கைவசமிருந்த நேரம் பெரும்பாலும் கரைந்திருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு காய்க்கும் இத்தனை விநாடி என்று பக்கத்தில் எண்ணிக்கொண்டே இருப்பார்கள். பல போட்டிகளில் 60 விநாடி, சிலவற்றில் 30. அதற்குள் பத்து இடத்துக்கு ரேட் போட்டு, முழுப் பலகையையும் எண்ணி, முந்துகிறோமா பிந்துகிறோமா என்று தெரிஞ்சுக்கணும். பேனா கிடையாது. எல்லாம் மனக்கணக்கு!

இந்த மனக்கணக்கில் மன்னன் என்றால், கொரியாவின் லீ சாங்-ஹோ. 1975-ல் பிறந்தவர். 11 வயதில் தொழில்முறை வீரர். குரு சோ ஹுன்-ஹியூன் வீட்டிலேயே தங்கிப் படித்து, 1990-ல் அந்தக் குருவிடமிருந்தே ஒரு பட்டத்தைத் தட்டிச் சென்றவர். 1992-ல், 16 வயதில், உலக சாம்பியன். (குரு - சிஷ்யன் கதையை வைத்து 2025-ல் 'தி மேட்ச்' என்று ஒரு கொரியப் படமே வந்தது.) ஜெயிக்கும்போதும் தோற்கும்போதும் முகத்தில் ஒரு ரியாக்‌ஷன் இருக்காது. அதனாலேயே 'கல் புத்தர்' என்று பட்டப்பெயர்.

அவர் ஆட்டத்தில் பஞ்ச் டயலாக் கிடையாது. அடிதடியைத் தவிர்ப்பார். பெரிய லாபம் தரும், ஆனா ரிஸ்க்கான காயை விட்டுவிட்டுச் சின்ன லாபம் தரும் பத்திரமான காயை வைப்பார். பார்க்கிறவர்களுக்கு 'என்னடா இது, விட்டுக்கொடுக்கிறாரே'ன்னு தோணும். கடைசியில் எண்ணினால் அரைப் புள்ளியில் ஜெயிச்சிருப்பார். திரும்பத் திரும்ப இதே நடந்தால் அதிர்ஷ்டம் என்று எப்படிச் சொல்வது? எதிராளிக்குத் தெரியாத ஒண்ணு அவருக்குத் தெரிஞ்சிருந்தது. 'எவ்வளவு விட்டுக்கொடுத்தாலும் இன்னும் மிச்சம் இருக்கு' என்பது!

மறுபடி ஊஜென்

இப்போ கே ஜீயின் அரைப் புள்ளிக்கு வருவோம். ஆல்ஃபாகோவுக்கு ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஜெயிக்கும் வாய்ப்பை அதிகமாக்கு. எத்தனை புள்ளியில் ஜெயிக்கிறோம் என்பது அதற்குப் பொருட்டே இல்லை. 20 புள்ளியில் ஜெயிப்பதும் அரைப் புள்ளியில் ஜெயிப்பதும் அதன் கணக்கில் ஒண்ணுதான். அதனால், முந்தியிருக்கும்போது யோசேவில் ஒவ்வொரு புள்ளியாக அதுவே விட்டுக்கொடுக்கும், குழப்பம் வர வழியே இல்லாத பாதையில் நடக்கும். கடைசிப் பலகையில் தெரிந்த அரைப் புள்ளி, ஆட்டம் எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்பதற்கான அளவு இல்லை. அந்தத் தொடரை ஆல்ஃபாகோ 3-0 என்று ஜெயித்து, அதோடு போட்டிகளுக்கு முழுக்குப் போட்டது.

அப்படீன்னா இவ்வளவு நேரம் வகுத்ததெல்லாம் வேஸ்ட்டா? இல்லவே இல்லை. இங்கே கேள்வி இரண்டு. 'இந்தக் காய்க்கு எவ்வளவு?' என்பது முதல் கேள்வி. 'எனக்கு எவ்வளவு போதும்?' என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குச் சரியான விடை தெரியாதவர் இரண்டாவது கேள்வியைக் கேட்கவே கூடாது. 3 புள்ளி முந்தியிருக்கும்போது 2 புள்ளியை விட்டுக்கொடுத்தால் அதற்குப் பெயர் நிதானம். 1 புள்ளி முந்தியிருக்கும்போது அதே 2 புள்ளியை விட்டுக்கொடுத்தால் அதற்குப் பெயர் தோல்வி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே காய்தான்!

அதேபோல, பிந்தியிருப்பவருக்கும் எண்ணிக்கை அவசியம். ரெண்டு புள்ளி பின்னாடி இருக்கோம்னு தெரிஞ்சாத்தான் துணிஞ்சு ரிஸ்க் எடுக்க முடியும். தெரியாமல் 'சேஃப்'பா ஆடிக்கொண்டே போனால் சேஃப்பாகத் தோற்கலாம். பலரும் தோற்பது அப்படித்தான்.

நீங்களும் ஆடலாம்!

19 கோட்டுப் பலகையைப் பார்த்து மிரள வேண்டாம். சார்ட் பேப்பரில் 9-க்கு 9 கோடு போடுங்க, 81 புள்ளி. ஒருத்தருக்குப் புளியங்கொட்டை, இன்னொருத்தருக்குச் சோழி. ஆளுக்கு நாற்பது இருந்தால் தாராளம். அரை மணி நேரத்தில் ஓர் ஆட்டம் முடிஞ்சிடும். செலவு? கிட்டத்தட்ட பூஜ்யம்!

ஆடும்போது மூணே மூணு விஷயம் செய்யுங்க. அடிதடி ஓய்ந்ததும் ஒரு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் எண்ணுங்க. பாக்கி இருக்கும் இடங்களை விரல்விட்டுக் குறித்து, ஒவ்வொண்ணுக்கும் 'நான் முந்தினால் என்ன, அவன் முந்தினால் என்ன' என்று வித்தியாசம் போடுங்க. அப்புறம், அந்த வித்தியாசத்துக்கு எத்தனை காய் செலவு என்று வகுங்க. ஆட்டம் முடிந்ததும் லேப்டாப்பில் கேட்டகோவிடம் காட்டுங்க. 2019-ல் வந்த இலவச மென்பொருள். ஆல்ஃபாகோ மாதிரி ஜெயிக்கும் வாய்ப்பை மட்டும் சொல்லிவிட்டு நிற்காது. எந்தக் காயில் எத்தனை புள்ளி போச்சு என்பதையும் புட்டுப் புட்டு வைக்கும்.

ரூம்மேட்டோடு ஆடி அரைப் புள்ளியில் தோத்துட்டீங்கன்னா, 'கடைசிக் காய்ல போச்சுடா மச்சி'ன்னு மட்டும் சொல்லாதீங்க. ஆட்டத்தைப் பின்னாடி ஓட்டிப் பாருங்க. அந்த அரைப் புள்ளி இருபது காய்க்கு முன்னாலேயே ஏதோ ஒரு முட்டுச்சந்தில் விழுந்திருக்கும்!